அம்பு தொடுக்கும் இடத்தின் உயரம்: மேலிருந்து இறங்கித் தேடுவது ஏன்

2024 ஜூன் 8, கல்முனை வாசகரின் கேள்வி

என்னிடம் இருப்பது 35 இறாத்தல் இழுவிசையுள்ள மர ரிகர்வ் (நுனிகள் எதிர்ப்புறம் வளைந்த) வில். குறிபார்க்கும் கருவி எதுவும் பூட்டவில்லை. வில்லில் வெட்டியிருக்கும் தட்டின் மேலேயே அம்பை வைத்து எய்கிறேன். ஒரு விரல் அம்புக்கு மேல், இரண்டு விரல் கீழ். நாணில் அம்பு தொடுக்கும் இடத்தைக் காட்டும் பித்தளை வளையத்தைத் தட்டு மட்டத்திலிருந்து 3/8 அங்குலம் உயரத்தில் நெரித்திருந்தேன். அம்பு வாலைத் தூக்கியபடி மேலும் கீழும் ஆடிக்கொண்டு போனது. வால் தூக்கினால் வளையத்தை இறக்க வேண்டும் என்று படித்திருந்ததால் 1/4 அங்குலத்துக்கு இறக்கினேன். ஆட்டம் கூடிவிட்டது. சரியான அளவு எது?

ஜூன் 8, இரவு

தம்பி, இறக்குவதை நிறுத்துங்கள். வளையத்தைக் கழற்றி 3/4 அங்குல உயரத்துக்குக் கொண்டு போங்கள். அங்கே ஆட்டம் இருக்கத்தான் செய்யும். அங்கிருந்து அரை நூல், அதாவது 1/16 அங்குலம், அரை நூலாக இறங்கி வாருங்கள்.

நீங்கள் படித்த விதி தவறானதன்று, ஆனால் பாதி விதி. தொடுக்கும் இடம் மிக உயரமாக இருந்தால் அம்பு வால் தூக்கிப் பறக்கும். அந்தப் பாதியைத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். தட்டின் மேலிருந்து எய்பவருக்கு மற்றப் பாதியும் உண்டு. தொடுக்கும் இடம் மிகத் தாழ்வாக இருந்தால், அம்பு வில்லைக் கடக்கும்போது அதன் பின்பகுதி தட்டில் மோதி மேலே எகிறும். எகிறிய அம்பும் வால் தூக்கித்தான் பறக்கும். ஒரே அடையாளத்துக்கு எதிரெதிரான இரண்டு காரணங்கள் இருப்பதால், கீழிருந்து தொடங்குபவர் அந்த அடையாளத்தைப் பார்த்து இன்னும் கீழே இறங்கிவிடுகிறார். மேலிருந்து தொடங்குபவருக்கு இந்தக் குழப்பமே வராது: வால் தூக்குவது படிப்படியாகக் குறையும், ஓரிடத்தில் நிற்கும், அதற்கும் கீழே போனால் திடீரென்று திரும்பி வரும். திரும்பி வருவது தட்டின் மோதல் என்று அப்போது ஐயமின்றித் தெரியும்.

ஜூன் 9, காலை

வளையத்தை நகர்த்துவதற்கு முன் செய்ய வேண்டியதைச் சேர்க்கிறேன். நாண் ஏற்றிய வில்லில் கைப்பிடியின் உட்குழிவிலிருந்து நாண் வரையுள்ள தூரத்தை முதலில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான ரிகர்வ் விற்களில் அது ஏறத்தாழ 7 முதல் 9 அங்குலத்துக்குள் இருக்கும். உங்கள் வில்லுக்கு உரிய அளவை அதைச் செய்தவர் சொல்லியிருப்பார். நாணை முறுக்கினால் நாண் குறுகி அந்தத் தூரம் கூடும், முறுக்கைத் தளர்த்தினால் குறையும். தூரம் மாறினால் அம்பு நாணை விட்டு விலகும் இடமும் மாறுகிறது. அதனால் இதை நிலைநிறுத்தாமல் வளையத்தோடு போராடுவதில் பயனில்லை.

உங்கள் நாண் டாக்ரோன் என்ற செயற்கை இழையாக இருக்கும் என்று நினைக்கிறேன், ஏனெனில் பழைய மர விற்களுக்கு அதைத்தான் பரிந்துரைப்பார்கள். புதிய டாக்ரோன் நாண் சில நாட்களுக்கு நீளும். எங்கள் பக்க வெயிலில் மூடிய வாகனத்துக்குள் வில்லை விட்டு வைப்பது நாணுக்கும் கேடு, ஒட்டிய மரப்படைகளுக்கும் கேடு. நாண் நீண்டு முடியட்டும். அதன் பிறகு அளவு எடுங்கள்.

ஜூன் 9, மாலை

மட்டம் பார்க்க எதைப் பாவிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நாணில் மாட்டும் டீ வடிவ அளவுகோலைத் தேடி அலைய வேண்டாம். தச்சு வேலைக்குப் பயன்படும் சிறிய மூலைமட்டம் போதும். ஒரு விளிம்பு நாணோடு ஒட்டியிருக்க, மற்ற விளிம்பு தட்டின் மிக உயர்ந்த இடத்தைத் தொட வேண்டும். நாணில் மூலைமட்டம் தொடும் இடம் பூச்சியம். அங்கிருந்து வளையத்தின் அடி விளிம்பு வரை அளக்க வேண்டும். வளையத்தின் நடுவை அளப்பவர்களும் இருக்கிறார்கள், அதனால்தான் இருவர் சொல்லும் எண்கள் ஒத்துவருவதில்லை. மூலைமட்டத்தால் நாணைப் பக்கவாட்டில் தள்ளிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 11

ஆரையம்பதியிலிருந்து ஒருவர், தாம் அரை அங்குலத்தில் வைத்திருப்பதாகவும் எல்லோருக்கும் அதுவே பொருந்தும் என்றும் எழுதியிருக்கிறார். அண்ணா, உங்கள் வில்லுக்கு அது பொருந்துவதை நான் மறுக்கவில்லை. நீங்கள் எய்வது 11/32 அங்குலத் தடிப்புள்ள மர அம்பு. கல்முனைத் தம்பி எய்வது என்ன அம்பு என்று இன்னும் சொல்லவில்லை. அம்பின் தடிப்பைச் சொல்லாமல் வளையத்தின் உயரத்தை மட்டும் சொன்னால், சொன்னது அரைகுறைதான்.

கணக்கைப் பாருங்கள். அம்பு தட்டின் மேல் இருக்கிறது. நொக், அதாவது நாணில் மாட்டும் அம்பு வாலின் பிளவு, வளையத்துக்குக் கீழே இருக்கிறது. நொக்கின் தடிப்பு அம்பின் தடிப்புக்குச் சமம் என்று கொண்டால், அம்பு சரிமட்டமாக இருக்கும்போது வளையத்தின் அடி விளிம்பு பூச்சியத்திலிருந்து ஓர் அம்புத் தடிப்பு உயரத்தில் இருக்கும். 11/32 அங்குலம் என்பது ஏறத்தாழ 8.7 மில்லிமீற்றர். அரை அங்குலம் 12.7 மில்லிமீற்றர். ஆகவே உங்கள் அம்பின் வால் மட்டத்திலிருந்து 4 மில்லிமீற்றர்தான் உயர்ந்திருக்கிறது. அதே வளையத்தில் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள மெல்லிய கார்பன் அம்பைத் தொடுத்தால் வால் 6.7 மில்லிமீற்றர் உயர்ந்துவிடும். வித்தியாசம் 2.7 மில்லிமீற்றர். நாம் நகர்த்துவதோ ஒரு முறைக்கு 1.6 மில்லிமீற்றர். மர அம்பிலிருந்து கார்பனுக்கு மாறும் ஒருவர் வளையத்தைத் தொடாமலே அதை ஒன்றரைப் படிக்கு மேல் உயர்த்தியது போலாகிறது.

தட்டின் மேலிருந்து எய்பவர்களுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவுகள் எனக்கும் தெரியும்: ஒரு விரல் மேலும் இரு விரல் கீழுமாக இழுப்பவருக்கு 3/8 முதல் 5/8 அங்குலம் வரை, மூன்று விரலும் கீழே வைப்பவருக்கு 5/8 முதல் 3/4 அங்குலம் வரை, சில வேளை அதற்கும் மேல். இவற்றைத் தேட வேண்டிய பரப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பரப்புக்குள் உங்கள் இடம் எது என்பதை உங்கள் அம்புதான் காட்ட வேண்டும்.

ஜூன் 12

தம்பியின் அம்பு 5/16 அங்குல மர அம்பாம், ஏறத்தாழ 8 மில்லிமீற்றர். அப்படியானால் 1/4 அங்குலத்தில், அதாவது 6.35 மில்லிமீற்றரில் வைத்தபோது அம்பின் வால் மட்டத்துக்கும் கீழே போயிருக்கிறது. ஆட்டம் கூடியதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஜூன் 15

இனி வெற்றம்பு, அதாவது இறகு ஒட்டாத அம்பு. இறகு ஒட்டிய அம்பைப் பார்த்துத் தொடுக்கும் இடத்தைத் தீர்மானிப்பது கடினம், ஏனெனில் இறகு குறையை மூடிவிடுகிறது. சில பாகம் பறப்பதற்குள் வாலைப் பிடித்து நேராக்கிவிடுகிறது. இறகில்லாத அம்புக்கு அந்த உதவி இல்லை. ஒரே தொகுதியைச் சேர்ந்த, ஒரே நீளமும் முனையும் கொண்ட அம்புகளில் சிலவற்றை இறகின்றி வைத்துக்கொள்ளுங்கள். இறகின் எடைக்கு ஈடாக வாலில் மின்கம்பி ஒட்டும் நாடாவைச் சுற்ற வேண்டும், இல்லையேல் வெற்றம்பு உண்மையிலிருப்பதைவிடச் சற்றுத் தளர்வானது போல நடந்துகொள்ளும்.

முதலில் கிட்டத்தில் நின்று எய்யுங்கள். கோணலாகப் பறக்கும் வெற்றம்பு குத்தும்போது ஒடியக்கூடும். மர அம்பானால் ஒவ்வொரு எய்தலுக்கும் பிறகு விரலால் தடவி வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 15 மீற்றருக்குப் போகலாம். இறகு அம்புகளும் வெற்றம்புகளும் ஒரே உயரத்தில் குத்தினால் தொடுக்கும் இடம் சரி. வெற்றம்புகள் இறகு அம்புகளுக்குக் கீழே குத்தினால் தொடுக்கும் இடம் உயரம், இறக்குங்கள். மேலே குத்தினால் தாழ்வு, உயர்த்துங்கள். பக்கவாட்டு வேறுபாட்டை இப்போதைக்குப் பொருட்படுத்த வேண்டாம். அது வேறு விடயம், பிறகு எழுதுகிறேன்.

குத்திய கோணத்தைப் பார்த்து முடிவெடுப்பவர்கள் பலர். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. நாங்கள் எய்வது வைக்கோல் கட்டிலோ பழந்துணி அடைத்த சாக்கிலோதான். வைக்கோல் படிந்திருக்கும் வாக்கில் அம்பு திரும்பும். சாக்கின் ஒரு பக்கம் இறுகியிருந்தால் அதற்கு எதிர்ப்பக்கம் சாயும். கல்லடிப் பக்கத் தென்னந்தோட்டத்தில் நான் எய்யும் சாக்கில், நன்றாகப் பறந்து வந்த இறகு அம்பே வால் சரிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். குத்திய இடம் அவ்வளவு எளிதில் பொய் சொல்லாது.

இன்னொன்று நேரம். இது கச்சான் வீசும் காலம். பகல் ஏற ஏறக் காற்று வலுக்கும். மாலையில் கடற்காற்று இருக்கும். வெற்றம்பு காற்றுக்கு எளிதில் இரையாகும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் எய்து முடியுங்கள். கடற்கரையில் எய்பவர்களுக்கு: வெற்றம்பு நினைத்த இடத்துக்குப் போகும் என்று யாராலும் உறுதி கூற முடியாது. தோணி இழுப்பவர்களும் வலை தெரிபவர்களும் நடமாடும் இடத்தில் இந்தச் சோதனை கூடவே கூடாது.

ஜூன் 16

தட்டில் மோதுகிறதா என்பதை நேரடியாகவே பார்க்கலாம். தட்டின் மேலும் அதன் பக்கச்சுவரிலும் குழந்தைகளுக்குப் பூசும் பவுடரைத் தூவிவிட்டு ஓர் அம்பு எய்யுங்கள். பவுடர் அழிந்த இடமும், அம்பிலும் இறகிலும் பவுடர் ஒட்டிய இடமும் விடயத்தைச் சொல்லிவிடும். தட்டின் பின் விளிம்பில், கைக்கு அருகில் ஒரு கீறல் போல அழிந்திருந்தால் அம்பின் வால் அடித்திருக்கிறது. கீழ்ப்பக்க இறகின் ஓரம் மட்டும் விரைவில் தேய்வதும் இதே செய்திதான்.

ஜூன் 20

திருக்கோவிலிலிருந்து எழுதிய தங்கை மூன்று விரலையும் அம்புக்குக் கீழே வைத்து இழுக்கிறார். வளையத்தை 3/4 அங்குலத்துக்கு உயர்த்திய பிறகும் வெற்றம்பு சில வேளை மேலே, சில வேளை கீழே குத்துகிறதாம். ஒவ்வொரு முறையும் வேறு விடை வருகிறதென்றால் குறை உயரத்தில் இல்லை. தொடுக்கும் இடம் நிலையாக இல்லை.

மூன்று விரலும் கீழே இருக்கும்போது, அம்புக்கு மேலே அதைப் பிடித்துக்கொள்ள விரல் கிடையாது. விடும் கணத்தில் நொக் நாணில் கீழே வழுக்க இடமிருக்கிறது. மேலே மட்டும் வளையம் இருந்தால் வழுக்குவதைத் தடுக்க எதுவும் இல்லை. நொக்குக்குக் கீழேயும் ஒரு கட்டுப் போடுங்கள். ஆனால் இரண்டுக்கும் நடுவே நொக்கை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. வில்லை முழுதாக இழுக்கும்போது நாண் நொக்கில் கூர்மையாக மடிகிறது. இடைவெளி சிறிதும் இல்லாவிட்டால் இரு கட்டுகளும் நொக்கை நெரித்து அம்பைத் தட்டிலிருந்து தூக்கிவிடும். ஒரு தடித்த தாள் நுழையும் அளவு இடைவெளி போதும் என்பது என் அனுபவம்.

நொக்கின் பிடியையும் பாருங்கள். அம்பை நாணில் தொடுத்துக் கீழ்நோக்கித் தொங்கவிட்டால் விழக்கூடாது. நாணை விரலால் மெல்லத் தட்டினால் விழ வேண்டும். அதைவிட இறுக்கமானால் எந்த உயரத்தில் வைத்தாலும் அம்பு சுத்தமாகப் பிரியாது.

ஜூன் 20, பின்னிரவு

தங்கைக்கு எழுதியதை மறுபடி யோசித்தேன். வில்லின் டில்லரையும், அதாவது மேல், கீழ் லிம்புகள் (வில்லின் வளையும் இரு கைகள்) ஒன்றுக்கொன்று எவ்வளவு விறைப்பாக உள்ளன என்பதையும், சொல்லியிருக்க வேண்டும். பெரும்பாலான மர விற்கள் ஒரு விரல் மேல், இரு விரல் கீழ் என்று இழுப்பவருக்காகவே செய்யப்படுகின்றன. அவற்றில் கீழ் லிம்ப் சற்று விறைப்பாக இருக்கும், ஆகையால் நாணுக்கும் லிம்ப் அடிக்கும் உள்ள தூரம் மேலே 1/8 முதல் 1/4 அங்குலம் வரை கூடுதலாக இருக்கும். மூன்று விரலும் கீழே வைத்தால் இழுக்கும் இடம் தாழ்ந்து, கீழ் லிம்பின் மேல் சுமை கூடுகிறது. இரண்டு லிம்பும் சமமான வில்தான் அப்படி இழுப்பவருக்குப் பொருந்தும். உங்கள் வில் எப்படியென்று இரு தூரங்களையும் அளந்து பாருங்கள். வில்லை மாற்றச் சொல்லவில்லை. உங்களுக்கு உயரம் ஏன் மற்றவர்களைவிடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது அதனால் விளங்கும்.

ஜூன் 27

கல்முனைத் தம்பி மேலிருந்து இறங்கிப் பார்த்த விவரத்தை அனுப்பியிருக்கிறார். 3/4 அங்குலத்தில் வெற்றம்பு நன்றாகக் கீழே. 5/8இல் சற்றுக் கீழே. 9/16இல் இறகு அம்புகளோடு ஒன்றாக. 1/2இலும் ஒன்றாக. 7/16இல் மறுபடி வால் தூக்கல், கூடவே தட்டில் பவுடர் அழிவு. அவர் முதலில் வைத்திருந்த 3/8 அங்குலம் இந்த மோதல் பகுதிக்குள்தான் இருந்திருக்கிறது.

இரண்டு இடங்கள் ஒரே விடை தருகின்றன, எதை எடுப்பது என்று கேட்கிறார். மேலே உள்ளதை எடுங்கள், 9/16. களைத்த நேரத்தில் விரல் அழுத்தம் மாறும்; கைப்பிடியை உள்ளங்கையின் அடியால் அழுத்திவிடுவோம். அத்தகைய நேரத்தில் 1/2இல் இருப்பவரின் அம்பு தட்டில் மோதும் எல்லைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சற்று உயரமாக இருப்பதால் வரும் சிறு ஆட்டத்தை இறகு சமாளித்துவிடும். மோதலால் வரும் ஆட்டம் ஒவ்வொரு அம்பிலும் ஒவ்வொரு விதமாக இருப்பதால் இறகாலும் அதைச் சமாளிக்க முடியாது.

ஜூன் 29

பக்கவாட்டு ஆட்டத்தைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தம்பியின் வெற்றம்புகள் உயரத்தில் ஒத்துவந்தாலும் இடப்பக்கம் ஒதுங்குகின்றன. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு வெற்றம்பு இடப்பக்கம் போனால் அம்பு விறைப்பு, வலப்பக்கம் போனால் தளர்வு. வளையத்தை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது. விரலால் விடும்போது நாண் பக்கவாட்டில் விலகுகிறது. அம்பு வளைந்து நெளிந்துதான் வில்லைச் சுற்றிக் கடக்கிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் அதிவேகப் படப்பிடிப்பின் மூலம் இதைக் கண்ணால் காணச் செய்தார். அந்த வளைவு வில்லின் வலுவுக்கு ஏற்றபடி அமைய வேண்டும். முனையின் எடையைக் கூட்டினாலோ அம்பை நீளமாக வைத்துக்கொண்டாலோ அம்பு தளர்வாக நடந்துகொள்ளும்.

இரண்டும் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. விறைப்புப் பொருந்தாத அம்பு வில்லின் பக்கச்சுவரில் உரசினால் அதன் வால் மேலேயும் எகிறலாம். ஆகவே விறைப்பைச் சரிசெய்த பிறகு உயரத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

ஜூலை 7

வாழைச்சேனையிலிருந்து ஓர் ஆசிரியர் ஐயா கேட்டிருப்பது இந்த இழைக்கு மிகவும் பொருத்தமான கேள்வி: வாகரைப் பக்கத்துக் கரையோர வேடர்களின் முன்னோரும், அம்பாறையின் பொல்லேபெத்த வேடர்களின் முன்னோரும் வில்லோடு வாழ்ந்தவர்கள்; வளையமும் மூலைமட்டமும் இல்லாமல் அவர்கள் எப்படி எய்தார்கள்?

ஐயா, அவர்களின் கைமுறையை நான் நேரில் கற்றவனல்லன், ஆதலால் தட்டில்லாத வில்லைக் கையாண்ட என் அனுபவத்திலிருந்து மட்டும் சொல்கிறேன். தட்டில்லாத வில்லில் அம்பு கையின் மேல் இருக்கிறது. கை மென்மையானது, மோதலின் வேகத்தை ஓரளவு வாங்கிக்கொள்ளும், அதனால் எகிறல் குறைவு. மாறாக, தொடுக்கும் இடம் தாழ்ந்தால் இறகின் முன்முனை கையைக் கிழிக்கும். அந்த வலியே தொடுக்கும் இடத்தை உயர்த்தச் சொல்லிவிடும். இறகின் முன்முனையை நூலால் சுற்றிப் பசை தடவி மழுங்கச் செய்வது அவசியம். வளையம் இல்லாவிட்டாலும் அளவு இல்லை என்று பொருளில்லை. நாள்தோறும் எய்பவரின் விரல் நாணில் ஒரே இடத்தைத் தேடிப் போகும், நாணிலும் அந்த இடம் தேய்ந்து தெரியும்.

ஜூலை 14

பித்தளை வளையத்தை நெரிக்கவும் கழற்றவும் குறடு வேண்டும், அடிக்கடி செய்தால் நாணில் சுற்றிய நூல் சிதையும் என்று பலர் எழுதுகிறார்கள். தேடும் காலத்தில் வளையமே வேண்டாம். பல் இடுக்குச் சுத்தம் செய்யும் நூலையோ, மெழுகு பூசிய தையல் நூலையோ எடுத்து, நாணின் முன்புறம் ஒரு முடிச்சு, பின்புறம் ஒரு முடிச்சு என்று மாற்றி மாற்றி ஐந்தாறு முடிச்சுகள் போடுங்கள். மிக இறுக்காமல் கட்டினால், விரலால் திருகியே இந்தக் கட்டை மேலும் கீழும் நகர்த்தலாம். நாணில் சுற்றிய நூலின் புரிகள் திருகாணியின் புரி போல உதவும். அரை நூலுக்கும் குறைவாக நகர்த்த முடிவது இதன் பெரிய நன்மை. இடம் உறுதியான பிறகு கடைசி முடிச்சுகளை இறுக்கி, ஒரு துளி சுப்பர் குளூ விட்டால் அசையாது. குளூ அடியிலுள்ள நாண் இழைகளுக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் சுற்றிய நூலே நாணின் மேல் வழுக்கினால் அதன் மேலுள்ள கட்டும் சேர்ந்தே நகரும். கட்டை விரலால் அதைத் தள்ளிப் பாருங்கள். அசைந்தால் முதலில் அந்தச் சுற்றை மாற்ற வேண்டும்.

ஓகஸ்ட் 4

தம்பியின் புதிய செய்தி: 9/16இல் கட்டி, குளூ விட்டு, நன்றாக எய்துகொண்டிருந்தவருக்கு இந்த வாரம் வெற்றம்பு மீண்டும் கீழே குத்தத் தொடங்கியிருக்கிறது. நாண் தூரம் மாறவில்லை, கட்டும் அசையவில்லை என்கிறார்.

தட்டின் மேல் ஒட்டிய தோலைப் பாருங்கள். தோல் தேய்ந்தால் அம்பின் முன்பகுதி தாழ்கிறது. கட்டு அதே இடத்தில் இருந்தாலும் தட்டிலிருந்து பார்த்தால் அது உயர்ந்துவிட்டது. மெல்லிய தோலில் ஒரு மில்லிமீற்றர் தேய்வதே வெற்றம்பில் தெரியும். கட்டை இறக்காதீர்கள். தோலை மாற்றுங்கள், மாற்றும்போது அதன் அடியில், கைப்பிடியின் மிக ஆழமான இடத்துக்கு நேர் மேலே, ஒரு தீக்குச்சித் துண்டைக் குறுக்காக வைத்து ஒட்டுங்கள். அம்பு அகன்ற தட்டு முழுவதிலும் படியாமல் அந்த மேட்டில் மட்டும் நிற்கும். மோதும் பரப்பும் குறையும். அதன் பிறகு மூலைமட்டத்தால் பூச்சியத்தைப் புதிதாக எடுத்து, மேலிருந்து மறுபடி இறங்கி வர வேண்டும். தீக்குச்சி தட்டை உயர்த்துவதால் கட்டும் சற்று மேலே போக வேண்டிவரும். குளூ விட்ட முடிச்சை அறுத்துவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.